மூன்றாவது திரையில் அத்தான்

என் அக்காவைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது அவள் கழுத்தைப் பற்றித்தான். இடப்பக்கம் ஒரு திருப்பு, நடுவில் ஒரு பார்வை, வலப்பக்கம் ஒரு திருப்பு. காலையில் கணினி முன்னால் உட்கார்ந்தால் மாலை வரை இதேதான். மூன்று திரைகளை வைத்துக்கொண்டு வேலை பார்த்த மனுஷி. அலுவலகத்தில் அவளுக்கு 'மூணு கண்ணு' என்று பட்டப்பெயர். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு, வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். அவள் எதையுமே வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். எனக்கு அவள்மேல் இருக்கும் தீராத எரிச்சல் அது ஒன்றுதான்.

நான் நேர் எதிர். தெருவைப் பார்த்த முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பேண்ட் காலை மடித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது என்று என் பிழைப்பு ஓடுகிறது. கோபம் வந்தால் அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுவேன். எனக்கும் கல்யாணம் என்று ஒன்று நடந்தது. கொட்டிய கொட்டில் அதுவும் தீர்ந்துபோய் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எத்தனை நாளைக்கு இருப்பாய் என்று அக்காவும் கேட்கவில்லை, அத்தானும் கேட்கவில்லை.

அத்தான் பஸ் டிரைவர். வாட்டசாட்டமான ஆள். யூனிஃபார்ம் சட்டையை நான்தான் இஸ்திரி போட வேண்டும், மடிப்பு கத்தி மாதிரி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் போடமாட்டார். ஒரு நாள் காலையில் அந்தச் சட்டைக்குப் பொத்தான் போடும்போது வலது கை சொன்னபடி கேட்கவில்லை. மாலைக்குள் வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பியது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

உடம்பு போனதே தவிர ரோஷம் போகவில்லை. பார்க்க வந்தவர்களையெல்லாம் வாசலோடு அனுப்பச் சொன்னார். வருஷக்கணக்கில் கூட ஓடிய கண்டக்டர் வந்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த மனிதர் செருப்பைக் கழற்றிய இடத்திலேயே மறுபடி மாட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அத்தான் அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"என்னைய... யாரும்... பாக்க வேணாம்."

"என்னையும் இவளையும் தவிர யாரும் பாக்க மாட்டாங்க. போதுமா?" என்றாள் அக்கா.

உடம்பு துடைத்துவிட வருகிற அம்மாள் ஒருத்தி மட்டும் வேறு வழியில்லாத விதிவிலக்கு.

அக்கா இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரி பில்களைப் பார்த்து, எதற்குப் பணம் தரலாம், எதற்குத் தரக்கூடாது என்று விவரம் ஏற்றுகிற வேலை. அத்தானை விட்டுப் போக முடியாது என்று கெஞ்சி, வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வாங்கினாள். அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். தனி அறை, சாத்திய கதவு, வாடிக்கையாளர் விவரம் வீட்டார் கண்ணிலும் படக்கூடாது. ஊரார் வயிற்றுவலி அவ்வளவு பெரிய ரகசியமாம்! அதனால் அவள் பின்னறையில், அத்தான் நடு அறையில், இரண்டுக்கும் நடுவில் சாத்திய கதவு.

ஆரம்பத்தில் அவளிடம் இருந்தது ஒரே ஒரு திரை. பில்லைத் திறப்பாள், ஒரு எண்ணை மனதில் வாங்குவாள், பில்லை மறைத்துப் படிவத்தைத் திறப்பாள், அதற்குள் எண் மறந்துவிடும், மறுபடி பில். சந்தேகம் வந்தால் விதிமுறைத் தொகுப்பை வேறு திறக்க வேண்டும். நடுநடுவே எழுந்து போய் அத்தானைப் பார்த்துவிட்டு வருவாள். வேலை பின்தங்கியது. இப்படியே போனால் அலுவலகத்துக்கே வரச் சொல்லிவிடுவோம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். அக்கா அதை என்னிடம் கூடச் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நானே பிடுங்கித் தெரிந்துகொண்டேன்.

அப்போது வந்தவன்தான் தம்பி. எங்கள் கூடப் பிறந்தவன் இல்லை. அக்காவின் பிரிவில் வேலை பார்த்த பையன். எந்நேரமும் பையில் நாலு வயர் சுருட்டி வைத்திருப்பான், எதைக் கொடுத்தாலும் சரிசெய்வான். அக்கா ஆரம்பம் முதல் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள், எங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகத்தில் கழித்துப்போட்ட இரண்டு மானிட்டர்களை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினான்.

"என்னக்கா நீங்க, ஒரே திரையில இத்தனையும் தொறந்து தொறந்து மூடிட்டு இருந்தா எப்போ முடியும்? இங்க பாருங்க. பாக்கறது இடப்பக்கம். எழுதறது நடுவுல, கண்ணுக்கு நேரா. எப்பவாவது தேவைப்படறது வலப்பக்கம். மூடவே வேணாம். கழுத்த மட்டும் திருப்புங்க."

உயரம் சரியாக வர, நடுத் திரைக்கு அடியில் என் பழைய துணி அட்டைகளை வைத்தான். சாய்வு பார்த்தான். ஜன்னல் வெளிச்சம் எதிரொளிக்கிறது என்று மேஜையையே திருப்பிப் போட்டான். அவன் செய்த வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவன் மனசு சுத்தமாகத்தான் இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். அதுதான் வலிக்கிறது.

பின்னறைச் சத்தம் கேட்டு யார் அது என்று அத்தான் கேட்டார். மூன்று திரை மாட்டுகிறார்கள் என்றேன். "பஸ்ஸுக்கும்... மூணு கண்ணாடி" என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பிறகு, யாரையும் பார்க்காத மனுஷன், தானாகவே சொன்னார். "அவன... உள்ள வரச் சொல்லு."

தம்பி உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஐயோ பாவம் என்கிற முகம் இல்லை, குரலைத் தாழ்த்தவில்லை. "என்ன மாமா, தாடி வச்சு சாமியாராப் போறதா உத்தேசமா? குடுங்க, நான் வழிச்சு விடறேன்" என்றான். அத்தான் தாடையை நிமிர்த்திக் காட்டினார். என்னையும் அக்காவையும் பிளேடு பக்கமே அண்டவிடாத மனுஷன்! அன்று முதல் ஞாயிறுதோறும் அத்தானுக்குச் சவரம் செய்வது தம்பியின் வேலை. காலையிலிருந்தே அத்தான் வாசல் சத்தத்துக்குக் காதை வைத்துக்கொண்டிருப்பார்.

அக்காவின் வேலை வேகம் பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் பில், நடுவில் படிவம், வலப்பக்கம் விதிமுறை. கை தட்டச்சில் இருக்கும், கண் மட்டும் போய்ப் போய் வரும். போகப் போக விதிமுறை அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மூன்றாவது திரை சும்மா கிடந்தது. கதவு சாத்திய அறைக்குள் இருந்துகொண்டே அத்தானைப் பார்க்க வழி உண்டா என்று தம்பியிடம் கேட்டாள். அவன்தான் சின்ன கேமரா ஒன்றை வாங்கிவந்து அத்தான் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினான். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. முகத்தைச் சுளித்தார். தம்பி குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா மட்டும்தான் மாமா பாப்பாங்க. வேற ஒரு ஈ காக்கா பாக்காது. நான் சொல்றேன்ல?"

அவன் சொன்னதற்காக அத்தான் சம்மதித்தார். அதிலிருந்து மூன்றாவது திரை அத்தானுடையது. அவர் புரண்டால் அக்காவுக்குத் தெரியும், தண்ணீர் டம்ளரை எட்ட முயன்றால் தெரியும். கதவைத் திறக்காமலேயே என் போனுக்கு அடித்து, "அவருக்குத் தலகாணி நழுவுது பாரு" என்பாள். பிரிவில் அதிக பில் முடித்தவள் என்று அவள் பெயரைச் சொன்னார்கள். மூன்று திரை வைத்து எப்படி வேலை பார்ப்பது என்று மற்றவர்களுக்கும் காட்டச் சொன்னார்கள். அக்காவுக்குக் கூச்சம், தம்பியைக் காட்டச் சொல்லிவிட்டாள். காட்டிக் காட்டியே அவன் பிரிவுக்குத் தலைவனாகிவிட்டான். வீட்டுக்கு வந்து, "எல்லாம் உங்களாலதான்க்கா" என்று அவள் காலைத் தொட வந்தான். அவள் தள்ளி நின்று சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்தான். நம்ம பையன் என்று வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அந்த வாரமோ அடுத்த வாரமோ, அத்தானுக்குச் சவரம் முடித்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன அப்டேட் போடணும்க்கா" என்று பின்னறைக்குப் போனான். அக்கா அவனுக்குக் காபி போட அடுப்படிக்குப் போனாள். அவள் காபியோடு திரும்பியபோது அவன் வேலையை முடித்திருந்தான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். காலை நேரம். பிரிவு முழுவதும் கணினி வழியே கூடுகிற கூட்டம். இரண்டு திரை, மூன்று திரை வைத்து வேலையை எப்படிக் கூட்டுவது என்று தம்பி பேசப் போகிறான். கத்தரிக்கோலை முந்தின நாள் அக்காவின் அறையில் விட்டிருந்தேன், அதை எடுக்க, தைத்துக்கொண்டிருந்த பேண்டைத் தோளில் போட்டபடி சத்தமில்லாமல் உள்ளே போனேன். நடுத் திரையில் வரிசை வரிசையாக முகங்கள். வலத் திரையில் அத்தான். துடைத்துவிடுகிற அம்மாள் அப்போதுதான் சட்டையைக் கழற்றி, வேட்டியைத் தளர்த்தி, ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

தம்பி தன் திரையை எல்லோருக்கும் காட்டப்போவதாகச் சொன்னான். அவனிடமும் இரண்டு திரைகள். ஒன்றில் பாடம், இன்னொன்றில் என்ன வைத்திருப்பானோ வைத்திருப்பான். எந்தத் திரையைக் காட்டுவது என்று கணினி கேட்கும், ஒன்றா இரண்டா என்று அழுத்த வேண்டும். மூன்று திரை மாட்டிக்கொடுத்த மேதாவி, அன்றைக்கு மாற்றி அழுத்திவிட்டான்.

அக்காவின் நடுத் திரையில் அக்காவின் மூன்று திரைகளும் வரிசையாகத் தெரிந்தன. இடப்பக்கம் யாருடையதோ ஆஸ்பத்திரி பில். நடுவில் அந்தக் கூட்டத்தின் முகங்கள். வலப்பக்கம் அரைகுறைத் துணியோடு அத்தான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்கும் உடனே புரியவில்லை. கையிலிருந்த மவுஸை லேசாக அசைத்தாள். அங்கே, தம்பி காட்டிய படத்தில், அம்புக்குறி அசைந்தது. மறுபடி அசைத்தாள். மறுபடி அசைந்தது. அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். தன் கணினியிலிருந்து அவன் அவள் திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இன்றைக்கு மட்டும் இல்லை, என்றைக்கோ தொடங்கியது.

"இது யாரு, மூணு கண்ணு அக்கா வீட்டுக்காரரா?" என்று ஒரு குரல் கேட்டது. யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்.

அக்கா பாய்ந்து மூன்றாவது திரையின் பட்டனை அமுக்கினாள். எங்கள் பக்கம் இருட்டாகிவிட்டது. படத்தில் அத்தான் அப்படியே கிடந்தார். அந்தப் பட்டன் எங்கள் கண்ணை மட்டும்தான் மூடும் என்று அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. மறுபடி மறுபடி அமுக்கினாள். நான் ஓடினேன். நடு அறைக் கதவை இடித்துத் திறந்து, தோளில் கிடந்த பேண்டை எடுத்து கேமரா தலையில் போர்த்தினேன். பிரிவு முழுக்க யாரோ ஒருவருடைய பேண்டின் பின்பக்கத்தைப் பார்த்திருக்கும். நன்றாகப் பார்க்கட்டும்.

அத்தான் திடுக்கிட்டுப் போனார். "என்ன...?"

"பூச்சி அத்தான். பெரிய பூச்சி" என்றேன். மூச்சு வாங்கியது. துடைக்கிற அம்மாள் என்னைப் பைத்தியமா என்பது போலப் பார்த்தாள்.

நான் திரும்பி வருவதற்குள் தம்பி படத்தை அணைத்திருந்தான். ஏதோ தொழில்நுட்பக் கோளாறு என்று மழுப்பிக்கொண்டிருந்தான். அக்கா கூட்டத்திலிருந்து வெளியேறினாள். பிறகு மூன்று திரைகளின் வயரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

மேலாளர் அம்மாள் மறுநாள் போனில் பேசினார். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் திரைகளைக் கவனிக்கலாம், ஆனால் அவரவர் சம்மதம் தந்திருக்க வேண்டும், "நீங்க சம்மதம்னு அழுத்தியிருக்கீங்களே" என்றார். அக்காவுக்கு அப்படி எதையும் அழுத்திய ஞாபகமே இல்லை. அந்தக் காபி போட்ட ஞாயிற்றுக்கிழமை தவிர அவளுடைய நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. ஞாயிறு வரை யோசித்துப் பதில் எழுதுங்கள் என்றார் மேலாளர். தம்பியின் அறிக்கையில் அக்காவைப் பற்றி ஒரு வரி இருந்ததையும் அவரே வாய்தவறிச் சொன்னார். கவனத்தில் மூன்றில் ஒரு பங்கு வீட்டில் இருக்கிறதாம். பிரிவிலேயே அதிக பில் முடித்தவளைப் பற்றி!

ஞாயிறன்று அவன் வந்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வந்தானோ. நான் வாயைத் திறக்குமுன் அக்கா கையமர்த்தினாள். பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். நானும் உள்ளே புகுந்துகொண்டேன்.

"மேல சொன்னாங்கக்கா. வீட்ல இருந்து பாக்கறவங்க எல்லாரையும் கவனிக்கணும்னு. உங்கள மட்டும் விட்டா, வேண்டியவங்கன்னு பேச்சு வரும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, தம்பி. அந்தக் கேமராவ வேற எங்கயாவது மாத்தியிருப்பேனே."

"சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"அதுல அவர் இருக்காருன்னு உனக்குத் தெரியும். மாட்டினதே நீதான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே, வந்த காரியத்தைச் சொன்னான். சம்மதத்தை அழுத்தியது தானேதான் என்று அக்கா ஒரு வரி எழுதிவிட வேண்டும். எழுதினால் அவன் வேலைக்கு ஆபத்தில்லை. அக்கா வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்கும் அவன் பொறுப்பு. எழுதாவிட்டால், வேலைக் கணினியில் வீட்டுக் கேமராவை ஓட்டியதே தப்பு என்று அவளையும் அலுவலகத்துக்கு இழுத்துவிடுவார்கள். "உங்க நல்லதுக்கும்தான்க்கா சொல்றேன்" என்றான்.

எனக்கு அவன் கழுத்தைப் பிடிக்கக் கை பரபரத்தது. அக்கா எழுதிவிடுவாளோ என்று பயந்தேன். எழுதாமல் போனால் அத்தானை யார் பார்ப்பது என்றும் பயந்தேன். அவள் மனசிலும் அதுதான் ஓடியிருக்கும்.

அந்த நேரம் நடு அறையிலிருந்து அத்தான் கூப்பிட்டார். "தம்பி... வந்தாச்சா?"

அவன் எழுந்து போனான். நாங்கள் தடுக்கவில்லை, தடுத்தால் அத்தானுக்கு என்ன காரணம் சொல்வது? வழக்கம்போல சோப்பு நுரை அடித்தான், வழக்கம்போல கிண்டல் அடித்தான். "மாமா, நாளுக்கு நாள் மாப்பிள்ள களை வருதே" என்றான். அத்தான் குலுங்கிச் சிரிப்பது எங்கள் காதில் விழுந்தது. திரும்பி வந்தவன் கையைத் துடைத்துக்கொண்டே, குரலைத் தணித்துச் சொன்னான்.

"மாமாவுக்கு ஒண்ணும் தெரியல போல இருக்கு. தெரிஞ்சா தாங்க மாட்டாருக்கா. நான் எப்பவும் சொல்ல மாட்டேன். நீங்க அந்த ஒரு வரிய மட்டும் எழுதிடுங்க."

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் திரைக்குள்ளிருந்து பார்த்ததை மன்னித்திருப்பாளோ என்னவோ, தெரியாது. இதை மன்னிக்கவில்லை. கூடவே இருந்து குழி பறித்தவன், இப்போது குழிக்குப் பக்கத்தில் நின்று பேரம் பேசுகிறான்.

"கெளம்பு" என்றாள்.

"அக்கா..."

"அப்படிக் கூப்பிடாத. கெளம்பு. இனி இந்த வாசப்படி ஏறாத."

அவன் தெருமுனை தாண்டும் முன்பே அவள் உட்கார்ந்து மேலாளருக்கு எழுதிவிட்டாள். ஒரே திரையில், ஒரே மூச்சில். 'நான் சம்மதம் தரவில்லை, அழுத்தியது யார் என்று எனக்குத் தெரியும், அவன் பெயர் இது' என்று.

நியாயம் கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். தம்பியை வேறு கிளைக்கு அதே பதவியில் மாற்றினார்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்க அக்காவுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்தார்கள். கேமரா ஓட்டியது விதிமீறலாம். மரியாதையான வார்த்தைகளில்தான் சொன்னார்கள். இப்போது தினமும் பஸ் பிடித்துப் போகிறாள். ஒரு நாள் அவள் மறந்துவிட்டுப் போன சாவியைக் கொடுக்கப் போனேன். பெரிய கூடத்தின் கோடியில் ஒரே ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் நின்று பார்த்த நேரத்துக்குள் மூன்று நான்கு தடவை தலையை வலப்பக்கம் திருப்பினாள். அங்கே ஒரு தூண் இருந்தது.

நான் தையல் மெஷினை அத்தான் அறைக்கே மாற்றிக்கொண்டேன். தண்ணீர் கொடுப்பேன், தலையணை சரிசெய்வேன், நடுவில் ஜிப் மாற்றுவேன். கடகடவென்று சத்தம் என்று அலுத்துக்கொள்வார். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்ய முடியும்? அத்தான் வாசலுக்குக் காதை வைத்துக் காத்திருந்தார். அடுத்த வாரமும் காத்திருந்தார். தாடி வளர்ந்து அரிக்க ஆரம்பித்தபோது அக்கா சோப்பும் பிளேடுமாக வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நுரை தடவினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அக்காவையே பார்த்தார்.

"தம்பி... ஏன் வரல?"

"வர மாட்டான்."

"நீ... ஏதோ சொல்லிட்ட."

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லிவிடலாம். அவன் யார், என்ன செய்தான், அத்தனை பேரும் உங்களை எப்படிப் பார்த்தார்கள் என்று ஒரே மூச்சில் கொட்டிவிடலாம். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் விழுங்கிய முதல் கோபம் அதுதான்.

"ஆமாங்க. நான்தான் சண்ட போட்டுட்டேன்" என்றாள்.

அத்தான் கண்ணில் தண்ணீர் கட்டியது. நெடுநேரம் சொல்லைத் தேடினார்.

"அவன் ஒருத்தன்தான்... என்னைய... மனுஷனாப் பாத்தான்."

நுரை காய்வதற்குள் முடிக்க வேண்டும் என்று, அக்கா அவர் கன்னத்தை ஒரு விரலால் இழுத்துப் பிடித்து, காதோரத்திலிருந்து மெல்ல வழிக்கத் தொடங்கினாள்.